கிழங்கில் செதுக்கிய வாழ்த்து

டிசம்பர் குளிர் வந்ததும் ஜப்பானிய இல்லங்களில் புத்தாண்டு வாழ்த்து அட்டை வேலை தொடங்கிவிடுகிறது. 25-ஆம் தேதிக்குள் தபாலில் சேர்த்தால் ஜனவரி 1-ஆம் தேதியே உரியவரை அடையும். அட்டையைத் தாமே அலங்கரிப்போர் உருளைக்கிழங்கை இரண்டாக அரிந்து, முயலோ புலியோ, அவ்வருஷத்துக்குரிய பிராணியை வெட்டிய முகத்தில் செதுக்குவார்கள். எழுத்தானால் இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும். ஈரத்தைத் துடைத்து, வர்ணம் தடவி அழுத்தினால் முத்திரை விழும். காகிதம் துளைக்கும் கருவி உதிர்த்த வெள்ளை வட்டங்களை ஒட்டினால் பனியும் பெய்துவிடும்!

2004-ஆம் வருஷத்துக்காக 440 கோடிக்கு மேல் வெளியிடப்பட்ட இவ்வகைத் தபால் அட்டைகள், 2025-க்குச் சுமார் 107 கோடியாகச் சுருங்கின. செல்பேசி வாழ்த்து நொடியில் போய்விடுகிறது. நமக்கென்று ஒருவர் செதுக்கிய முயலின் காது கோணலாயிருக்கலாம்; ஆனால் அவர் செலவிட்ட பொழுதல்லவா அதனுடன் நம் வீடு வந்து சேருகிறது?