பெட்ரோல் காசிலேயே கட்டலாம் தவணை

வியாசர்பாடியில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் தம்பி ஒருவர் உணவு டெலிவரிக்குப் போகிறார். நாளுக்கு 80 கி.மீ., மாதம் 26 நாள். வீட்டுக்காரர் சப் மீட்டருக்கு யூனிட் 8 ரூபாய் வாங்குகிறார். மின்ஸ்கூட்டருக்கு மாறலாமா என்று கேட்டார். நோட்டை எடுத்து உட்கார்ந்தோம்.

மாத ஓட்டம் 2,080 கி.மீ.
- பெட்ரோல் வண்டி: லிட்டருக்கு 45 கி.மீ., விலை 101 ரூபாய் என்று வைத்தால், 46.2 லிட்டர்: 4,668 ரூபாய்
- மின்ஸ்கூட்டர்: சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 100 கி.மீ.க்கு 3.5 யூனிட், மாதம் 72.8 யூனிட்: 582 ரூபாய்
- மிச்சம்: 4,086 ரூபாய்

நாளுக்கு 20 கி.மீ. மட்டும் ஓட்டி அலுவலகம் போய்வருபவருக்கு இதே கணக்கில் மிச்சம் சுமார் 1,020 ரூபாய்தான். அதிகம் ஓட்டுபவருக்கே ஆதாயம் அதிகம். ஆனால் மின்ஸ்கூட்டருக்கான மத்திய அரசு மானியம் இருவருக்கும் ஒன்றே. அதுவும் கரைந்துகொண்டே வந்திருக்கிறது.

3 கிலோவாட் மணி பேட்டரி, 1 லட்சம் ரூபாய் ஆலை விலை: மத்திய மானியம்
- 2021 ஜூன் முதல் (ஃபேம்-2, உச்சவரம்பு 40%): 40,000 ரூபாய்
- 2023 ஜூன் முதல் (உச்சவரம்பு 15%): 15,000
- 2024 ஏப்ரல் முதல் (அக்டோபரிலிருந்து பி.எம். இ-டிரைவ்): 10,000
- 2025-26 நிதியாண்டில்: 5,000

1 லட்சம் ரூபாய் கடன், 36 மாதத் தவணை
- 18% வட்டி: மாதம் 3,615 ரூபாய்
- 10% வட்டி: மாதம் 3,227 ரூபாய்
- மூன்று ஆண்டில் வித்தியாசம்: சுமார் 14,000 ரூபாய்

18% வட்டியிலும் தவணையைவிடப் பெட்ரோல் மிச்சம் 471 ரூபாய் அதிகம். வட்டியை 10%க்கு இறக்கினால் கிடைப்பதோ 5,000 ரூபாய் மானியத்தைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. நிலையான சம்பளச் சீட்டு இல்லாத டெலிவரித் தொழிலாளிக்கு அரசு உத்தரவாதத்தோடு குறைந்த வட்டிக் கடன் தருவதே பெரிய உதவி.

இந்தக் கணக்கில் பேட்டரித் தேய்மானம் சேரவில்லை. மூன்று ஆண்டில் இந்த வண்டி 74,880 கி.மீ. ஓடிவிடும். வாரண்டியில் ஆண்டை மட்டும் பார்க்காமல் கிலோமீட்டர் வரம்பையும் படித்துவிட்டே கையெழுத்துப் போட வேண்டும்.

தம்பியின் தடை வேறு. வண்டி நிற்பது தெருவில். பிளக் இருப்பது மாடியில். கீழே, மாடிப்படிக்கு அடியில் ஒரு பிளக் கேட்டார். வீட்டுக்காரர் தயங்கினார். தயக்கத்துக்கும் கணக்கு இருக்கிறது. மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. வண்டிக்கு மட்டும் 145.6 யூனிட் ஆகும். அந்த இணைப்பில் ஏற்கெனவே 380 யூனிட் ஓடினால் மொத்தம் 525.6 ஆகிவிடும். 500ஐத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும், பில் எகிறும்.

வாடகை வீடுகளில் வண்டி சார்ஜுக்கென்று தனி மீட்டர், தனிக் கட்டணம், விண்ணப்பித்தவுடன் இணைப்பு: இவை வந்தால் வீட்டுக்காரருக்குப் பயமில்லை. நாளுக்கு 2.8 யூனிட் மின்சாரம் கீழே இறங்கி வந்தால் போதும், தவணை முடிந்ததும் தம்பியின் வீட்டில் மாதம் நாலாயிரம் ரூபாய் தங்கும்.