படத்தின் அடியில் ஒரு பெயர்

நமது தேசம் விடுதலை பெற்ற வரலாற்றை ஏட்டில் படித்தறியாதவர்களும் படத்தில் பார்த்து அறிந்திருக்கிறார்கள். பிரிவினைக்கு இசைந்து காங்கிரஸ் தலைவர்கள் கை உயர்த்தியதும், 1947 ஆகஸ்டில் செங்கோட்டையில் கொடி ஏறியதும், மௌண்ட்பேட்டன் விடைபெற்றதும், காந்தியடிகளின் இறுதி யாத்திரையும் நம் கண்முன் நிற்கின்றன. அவற்றைப் படம் பிடித்தவர் யாரென்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

இக்காட்சிகளைக் காமிராவில் பதித்தவர்களுள் ஒருவர் ஸ்ரீமதி ஹோமாய் வியாரவாலா. பத்திரிகைப் படத்துறையில் இறங்கிய முதல் இந்தியப் பெண்மணி அவரே. 1913 டிசம்பர் 9-ஆம் தேதி கூர்ஜர நாட்டு நவ்ஸாரியில் பார்ஸிக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையார் நாடக நடிகர். பம்பாய் ஜே. ஜே. கலைப்பள்ளியில் பயின்ற அவர், படமெடுக்கும் வித்தையைப் பின்னாளில் தம் கணவரான மானெக்ஷாவிடம் கற்றார். 'பம்பாய் கிரானிகிள்' அவர் படம் ஒன்றுக்கு ஒரு ரூபாய் அளித்தது. 'இல்லஸ்டிரேட்டட் வீக்லி'யிலோ அவருடைய ஆரம்பப் படங்கள் கணவர் பெயரிலேயே வெளிவந்தன. உழைப்பு மனைவியுடையது, பெயர் கணவருடையது!

1942-இல் டில்லி சென்று பிரிட்டிஷ் தகவல் இலாகாவில் அமர்ந்தார். சேலை உடுத்து, கனத்த காமிராவைச் சுமந்து, சைக்கிளில் நகரெங்கும் திரிந்தார். பெண்தானே என்று பலர் அவரைப் பொருட்படுத்தவில்லை. அந்த அலட்சியமே, பிறர் நுழைய இயலாத இடங்களிலும் அவருக்கு வழி திறந்தது. உடன் தொழில் புரிவோரிடையே கண்ணியம் குன்றியது கண்டு மனம் நொந்து, 1970-இல் காமிராவைக் கீழே வைத்தார். அரசாங்கம் பத்ம விபூஷண் விருது அளித்தது 2011-இல். அப்போது அவருக்கு வயது 97. மறு ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி காலமானார்.

பழனிமலையில் செண்பகனூரில் இயேசு சபையார் 1895-இல் நிறுவிய இயற்கைப் பொருட்காட்சிச்சாலையை நேயர்கள் அறிவார்கள். ஒரு செடியை உலர்த்தித் தாளில் ஒட்டிவைக்கும்போது, பறித்தவர் பெயரையும் இடத்தையும் தேதியையும் அதனடியில் எழுதிவைப்பது தாவர சாஸ்திரத்தின் நியதி. அக்குறிப்பில்லாத செடி சான்றாகப் பயன்படுவது அரிது. மலைச்சரிவில் முளைத்த பூண்டுக்குக் காட்டும் இம்மரியாதையை, ஒரு தேசம் பிறந்ததைக் காட்டும் படத்திற்கு மறுக்கலாமா?

எடுத்தவர் பெயரும் தேதியும் அற்ற படத்தை எவரும் திரிக்கலாம். எந்தப் பொய்க்கும் துணையாக நிறுத்தலாம். ஆதலின் 'கோப்புப் படம்' என்ற இரு சொற்களோடு நம் பத்திரிகைகள் கடமை முடிந்ததெனக் கருதலாகாது. ஒரு வரி இடம் போதும். அதில் உழைத்தவரின் பெயரும் நிற்கும், உண்மையும் நிற்கும்.