குக்கீகளில் எதை வைப்பது, எதை நீக்குவது?

இணையதளத்துக்கு இயல்பில் ஞாபகம் கிடையாது. நம் பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும், எங்கோ இருக்கும் சர்வர் அதை அனுப்பும், அத்தோடு சங்கதி முடிந்தது. மறு நொடியே அதே கணினி அடுத்த பக்கத்தைக் கேட்டாலும் சர்வருக்கு அது முன்பின் தெரியாத ஆள்தான். ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலையை உருவாக்கியபோது, ஆவணங்களைப் பகிர்ந்து படிப்பதற்கு இதுவே போதுமாக இருந்தது. வலையில் கடை போட நினைத்தவர்களுக்குத்தான் சிக்கல் வந்தது. ஒரு பொருளைக் கூடையில் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், அந்தக் கூடை யாருடையது என்றே கடைக்குத் தெரியாது.

1994-இல், பிரவுசர் தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்திடம் எம்.சி.ஐ. என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் இந்தச் சிக்கலைக் கொண்டுவந்தது. பாதியில் நிற்கும் கொள்முதல் விவரங்களைத் தன் சர்வரில் சேர்த்துவைக்க அதற்கு விருப்பமில்லை. நெட்ஸ்கேப்பில் வேலை பார்த்த லூ மொண்டுல்லி என்ற இளைஞர், அந்த நினைவை வாடிக்கையாளரின் கணினியிலேயே வைத்துவிடலாம் என்று வழி சொன்னார். அந்த ஆண்டு அக்டோபரில் வெளிவந்த நெட்ஸ்கேப்பின் சோதனைப் பதிப்பிலேயே அந்த நினைவுத் துண்டு, அதாவது குக்கீ, இருந்தது. நினைவு தங்கும் இடம் நம் வீட்டுக் கணினி என்பதால்தான், அதைப் பார்க்கவும் நீக்கவும் இன்றுவரை நம்மால் முடிகிறது. குக்கீயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஒரு டோக்கன் தருவார்கள். அதில் எண்ணைத் தவிர வேறொன்றும் இருக்காது. அந்த எண் எந்தச் செருப்புக்கு உரியது என்பது அந்த இடத்துக்காரருக்கு மட்டுமே தெரியும். குக்கீயும் அப்படித்தான். ஒரு பெயர், அதற்கு ஒரு மதிப்பு, எந்தத் தளம் வைத்தது, எதுவரை செல்லும் என்ற குறிப்புகள். மொத்தமும் ஏறத்தாழ 4,096 பைட்டுக்குள் அடங்கிவிடும். ஒரு முறை தளம் இதைக் கொடுத்துவிட்டால், அதன்பிறகு அந்தத் தளத்திடம் எதைக் கேட்டாலும் பிரவுசர் இந்தத் துண்டையும் சேர்த்தே அனுப்பும். முறையாகக் கட்டிய தளம் நம் பாஸ்வேர்டை அதில் எழுதுவதில்லை. அதில் இருப்பது, யாராலும் ஊகிக்க முடியாத நீண்ட எழுத்துக் கோவை. கணக்கு விவரமெல்லாம் சர்வரில் இருக்கும். குக்கீ வழியாக வைரஸ் வரும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அது தானாக இயங்கும் நிரல் அல்ல, வெறும் எழுத்து. அந்த அச்சத்துக்கு இடமில்லை.

அஞ்ச வேண்டியது வேறு. டோக்கனை வைத்திருப்பவரே உரிமையாளர் என்று சர்வர் நம்பிவிடுகிறது. 2010-இல் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்ஷீப் என்ற சிறிய பிரவுசர் இணைப்பை வெளியிட்டார். பொது வைஃபையில் பூட்டில்லாமல் பறந்துகொண்டிருந்த மற்றவர்களின் குக்கீகளைப் பிடித்து, அவர்களுடைய ஃபேஸ்புக் கணக்குக்குள் நுழைந்துவிட முடியும் என்று அது காட்டியது. பெரிய தளங்கள் முழுவதும், தகவலைப் பூட்டி அனுப்பும் எச்.டி.டி.பி.எஸ்.-க்கு மாற இந்த அதிர்ச்சியும் ஒரு தூண்டுதல். இப்போது திருட்டு வேறு வழியில் நடக்கிறது. இலவச மென்பொருள் என்று இறக்கிக்கொள்ளும் கோப்புக்குள் ஒளிந்திருக்கும் தீநிரல், பிரவுசரின் குக்கீக் கோப்பையே நகலெடுத்து அனுப்பிவிடும். யூடியூப் சேனல்கள் பல இப்படிப் பறிபோனதை கூகுள் 2021-இல் விவரித்திருந்தது. ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்ட ஒருவரின் டோக்கன் அது, அதனால் ஓ.டி.பி. கேட்கும் கட்டத்துக்கே பேச்சு போகாது. கடையில் காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை யாரோ சும்மா தருகிறார்கள் என்றால், வீட்டுக் கணினியில் அதை நிறுவாதீர்கள்.

மொண்டுல்லி ஒரு கண்டிப்பான விதி வைத்திருந்தார்: குக்கீயை வைத்த தளம் மட்டுமே அதைத் திரும்பப் படிக்கலாம். ஒருவர் எங்கெல்லாம் போகிறார் என்று எந்தத் தளமும் பின்தொடரக் கூடாது என்பதே அதன் நோக்கம். விளம்பர நிறுவனங்கள் அந்த விதியை மீறாமலேயே சுற்றுவழி கண்டுபிடித்தன. நாம் படிக்கும் செய்திப் பக்கத்தில் உள்ள விளம்பரப் படம் வேறொரு சர்வரிலிருந்து வருகிறது. அந்த சர்வரும் தன் பங்குக்கு ஒரு குக்கீ வைக்கிறது. அதே விளம்பர நிறுவனத்தின் படம் சமையல் தளத்திலும், மருத்துவத் தளத்திலும், வரன் பார்க்கும் தளத்திலும் இருந்தால், மூன்று இடத்திலும் ஒரே குக்கீ அதே நிறுவனத்திடம் போய்ச் சேரும். நம் நாள் முழுவதும் அங்கே ஒரே வரிசையாகப் பதிவாகிவிடும். மூன்றாம் தரப்புக் குக்கீ என்பது இதுதான். இந்த முறையில் வளர்ந்த டபிள்கிளிக் நிறுவனத்தை 2008-இல் கூகுள் தன்னோடு இணைத்துக்கொண்டது.

1997 பிப்ரவரியில் வந்த குக்கீக்கான முதல் தர ஆவணமே, மூன்றாம் தரப்புக் குக்கீயைப் பிரவுசர்கள் தாமாக அனுமதிக்கக் கூடாது என்றது. நெட்ஸ்கேப்பும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் அதைப் பின்பற்றவில்லை. 2020 மார்ச்சில்தான் சஃபாரி அவற்றை முழுமையாகத் தடுத்தது. ஃபயர்பாக்ஸ் 2022 ஜூனில் ஒவ்வொரு தளத்தின் குக்கீகளையும் தனித்தனி ஜாடியில் அடைத்துவைக்கும் முறையை எல்லோருக்கும் கொண்டுவந்தது. உலகில் அதிகம் பேர் பயன்படுத்தும் குரோம், அவற்றை 2 ஆண்டுகளில் ஒழித்துவிடுவதாக 2020 ஜனவரியில் அறிவித்தது, பலமுறை தள்ளிப்போட்டது, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. ஆகவே குரோம் வைத்திருப்பவர்கள் தாங்களேதான் செய்துகொள்ள வேண்டும். அமைப்புகளில் தனியுரிமை, பாதுகாப்பு என்ற பகுதிக்குள் மூன்றாம் தரப்புக் குக்கீகள் என்று ஒரு வரி இருக்கும். அங்கே தடு என்பதைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. ஏதோ ஒரு தளத்தில் லாகினோ பணம் கட்டும் பக்கமோ மக்கர் செய்தால், முகவரிப் பட்டையில் இருக்கும் குறியை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். இந்த ஒரு மாற்றத்தை எல்லா வீட்டுக் கணினியிலும் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு மாறாக, வாரத்துக்கு ஒருமுறை எல்லாக் குக்கீகளையும் மொத்தமாகத் துடைப்பது நல்ல பழக்கம் என்று நான் நினைக்கவில்லை. துடைத்தால் எல்லாத் தளத்திலும் மறுபடி லாகின் செய்ய வேண்டும். வங்கித் தளம் நம் கணினியைப் புதிய கருவியாகப் பார்த்து, கூடுதல் கேள்வி கேட்கலாம். குக்கீ வேண்டாம் என்று நாம் முன்பு சொன்ன பதிலும் பெரும்பாலும் ஒரு குக்கீயில்தான் பதிந்திருக்கிறது; அதுவும் போய்விடுவதால், அனுமதி கேட்கும் பட்டைகள் மறுபடி முளைக்கும். அந்தப் பட்டைகளில் மறு என்ற பொத்தானைத் தயங்காமல் அழுத்தலாம், தளம் பெரும்பாலும் வழக்கம்போல் வேலை செய்யும். ஏற்பது ஒரே சொடுக்கிலும் மறுப்பது பல சொடுக்கிலும் இருந்ததற்காக, பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததை 2022 ஜனவரியில் அறிவித்தது.

ஏதோ ஒரு தளம் திறக்காமல் அடம்பிடிக்கும்போது, குக்கீயையும் கேஷையும் அழியுங்கள் என்று வாடிக்கையாளர் சேவையில் சொல்வார்கள். கேஷ் வேறு, குக்கீ வேறு. கேஷ் என்பது பக்கம் விரைவாகத் திறப்பதற்காகச் சேர்த்துவைத்த படங்களும் கோப்புகளும். அதை அழித்தால் லாகின் போகாது. கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் பெட்டியில் இரண்டும் தனித்தனி வரியாக இருக்கும். சேமித்த பாஸ்வேர்டுகளுக்கும் அங்கே ஒரு கட்டம் தென்படலாம். அதில் டிக் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போனால் திரும்பக் கிடைப்பது கடினம். ஒரே ஒரு தளம்தான் பிரச்சினை என்றால் இந்தப் பெட்டியே வேண்டாம். அமைப்புகளில் தளங்களின் பட்டியலைத் திறந்து, அந்தத் தளத்தின் பெயரைத் தேடி, அதன் குக்கீகளை மட்டும் நீக்கினால் போதும்.

ஒரே கணினியை வீட்டில் நாலு பேர் பயன்படுத்தினால், ஆளுக்கு ஒரு புரொஃபைல் வைத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு புரொஃபைலுக்கும் குக்கீக் கிடங்கு தனி. அப்பாவின் வங்கிக் கணக்கும் மகளின் கல்லூரி விண்ணப்பமும் ஒன்றில் ஒன்று கலக்காது. ஆனால் பிரவுசர் புரொஃபைலுக்குப் பூட்டுக் கிடையாது, ஒருவருடையதை மற்றவர் திறந்துவிட முடியும். அந்தத் தயக்கம் இருந்தால் விண்டோஸிலேயே தனித்தனிப் பயனர் கணக்கு வைத்துக்கொள்ளலாம். தேர்வு முடிவு பார்க்கவோ பிரிண்ட் எடுக்கவோ பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்தால், இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து கொடுங்கள். அத்தகைய ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடியதும் அதில் சேர்ந்த குக்கீகள் போய்விடும். இணைய இணைப்பு தரும் நிறுவனத்தின் கண்ணிலிருந்து அது எதையும் மறைக்காது என்பதையும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிடலாம்.

சாதாரண ஜன்னலில் வேலை செய்யும்போது, முடிந்ததும் அதை மூடினால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. விட்ட இடத்திலிருந்து தொடர் என்ற அமைப்பு குரோமில் போட்டிருந்தால், மூடியதும் அழிய வேண்டிய தற்காலிகக் குக்கீகள்கூட உயிரோடு இருக்கும். லாக் அவுட் செய்வதே சரி. குக்கீயை நீக்குவதற்கும் லாக் அவுட் செய்வதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. நீக்கும்போது நம்மிடம் உள்ள பிரதி மட்டும் போகிறது. யாராவது அதை முன்பே நகலெடுத்திருந்தால் அவருடையது செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும். லாக் அவுட் செய்தால், ஒழுங்காகக் கட்டிய தளம் அந்த டோக்கனைத் தன் பக்கமே ரத்து செய்துவிடும். கணக்கில் ஏதோ சரியில்லை என்று சந்தேகம் வந்தால், முதலில் கணினியில் தீநிரல் இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள், பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள். கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில், எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு என்ற வசதி இருந்தால் அதையும் அழுத்துங்கள். அதன்பிறகு பழைய குக்கீ யார் கையில் இருந்தாலும் சர்வர் ஏற்காது. நாமும் புதிய பாஸ்வேர்டு கொடுத்துத்தான் உள்ளே போக வேண்டும்.