கொல்லாமலும் வெல்லலாம்

மறைந்து நகரும் வீடியோ கேம்களில் காவலரின் கண்ணில் படாமல் இலக்கை அடைவதே ஆட்டம். பிரான்சின் லியோன் நகரில் தொடங்கப்பட்ட ஆர்கேன் ஸ்டுடியோஸ், 2012-இல் வந்த 'டிஸ்ஆனர்ட்' விளையாட்டில் அதனுடன் மாய சக்திகளைச் சேர்த்தது. கொள்ளைநோய் பரவிய டன்வால் நகரில், பேரரசியைக் கொன்றதாகப் பழி சுமத்தப்பட்ட மெய்க்காவலர் கோர்வோதான் நாயகன். அவர் கண்ணிமைக்கும் நேரத்தில் கூரைவிட்டுக் கூரை தாவுவார், காலத்தை நிறுத்துவார், சுவருக்கு அப்பால் நிற்பவரைக் காண்பார். திருமூலர் இடையன் மூலனின் உடலில் புகுந்த கதைபோல, எலிக்குள்ளோ காவலருக்குள்ளோ புகுந்தும் நடப்பார்.

எந்தச் சக்தியை வளர்ப்பது, எங்கே பயன்படுத்துவது என்பதெல்லாம் ஆடுபவர் விருப்பம். ஒரே மாளிகைக்குள் எலியாகித் துளை வழியே நுழையலாம், கூரையேறலாம், வாளுடன் வாசலிலும் புகலாம். ஒருவரையும் கொல்லாமல் முழுக் கதையையும் முடிக்கலாம். கொலைகள் பெருகினால் நகரில் எலிகளும் நோயாளிகளும் பெருகுவார்கள். கதையின் முடிவும் இருண்டுபோகும். ஆடுபவரின் செயலுக்கு நகரமே பதில் சொல்லும் இந்த அமைப்பே விளையாட்டின் பெருஞ்சிறப்பு.

குறையும் உண்டு. சக்திகளிலும் கருவிகளிலும் பல கொல்வதற்கே உதவுபவை. உயிரை விட்டுவைப்பவருக்குக் கிடைப்பவை குறைவு. 2016-இல் வந்த இரண்டாம் பாகம் இதை ஓரளவு சரிசெய்தது. அதில் பேரரசியின் மகள் எமிலிக்குக் கிடைக்கும் 'டாமினோ' சக்தி சிலரின் விதியைப் பிணைக்கிறது. ஒருவரை உறங்கவைத்தால் மற்றவர்களும் உறங்குவார்கள். மாய சக்தியே வேண்டாம் என்று தொடக்கத்திலேயே மறுத்தும் ஆடலாம்.