ஜாப் 'ஃபெயில்' ஆனா உடனே ரீரன் கொடுக்கலாமா? வங்கிகளின் ராத்திரி வேலை நடப்பது இப்படித்தான்!

2012 ஜூன் மாதம், நாட்வெஸ்ட், ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, அல்ஸ்டர் பேங்க் வாடிக்கையாளர்கள் திண்டாடிப் போனார்கள். சம்பளம் கணக்கில் ஏறலை, வீட்டுக்கடன் தவணை போகலை, இருப்புத் தொகையே தப்பாகக் காட்டியது. பிரிட்டனில் மட்டும் பாதிக்கப்பட்டவர்கள் சுமார் 65 லட்சம் பேர்.

ஹேக்கர் வேலை என்று நினைத்தால், இல்லை. ராத்திரியில் கணக்குகளை அப்டேட் செய்யும் வேலைகளை வரிசையாக ஓட்டுகிற மென்பொருளை ஜூன் 17 அன்று அப்கிரேடு செய்தார்கள். மறுநாளே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. பழைய வெர்ஷனுக்குத் திரும்ப முடிவெடுத்தார்கள். திரும்பினால் என்ன ஆகும் என்று மட்டும் டெஸ்ட் செய்து பார்க்கவில்லை. மொத்தத்தையும் கவிழ்த்தது அந்தத் திரும்பல்தான். 2014 நவம்பரில் பிரிட்டனின் 2 ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து விதித்த அபராதம் 5.6 கோடி பவுண்ட்.

இந்த வகை மென்பொருளுக்குப் பெயர் வொர்க்லோடு ஷெட்யூலர். கன்ட்ரோல்-எம், ஆட்டோசிஸ் எல்லாம் இந்த ரகம். சென்னை ஐடி கம்பெனிகளில் நைட் ஷிஃப்ட் சப்போர்ட் பார்ப்பவர்களுக்கு இவை பழகிய பெயர்கள். 'இந்த ஃபைல் வந்தால் அந்த ஜாபை ஓட்டு, அது முடிந்தால் அடுத்தது' என்பதைப் பார்த்துக்கொள்வதுதான் இதன் வேலை. ஒவ்வொரு ஜாபுக்கும் ஒரு ஸ்டேட்டஸ் இருக்கும்: காத்திருக்கிறது, ஓடுகிறது, முடிந்தது, ஃபெயில். பார்த்தால் எளிமைதான். சிக்கலே இங்குதான்.

பச்சை சொல்லும் பொய்

'சக்சஸ்' என்றால் வேலை சரியாக நடந்தது என்று அர்த்தம் இல்லீங்க. புரோகிராம் முடியும்போது 0 என்ற எண்ணைத் திருப்பித் தந்தது, அவ்வளவுதான். வந்த ஃபைல் காலியாக இருந்தாலும், ஒன்றுமே செய்யாமல் 0 தந்துவிட்டு ஜாப் பச்சையாகலாம். ஷெல் ஸ்கிரிப்டில் இது இன்னும் மோசம். நடுவில் ஒரு கட்டளை தோற்றாலும், கடைசி வரியில் 'முடிந்தது' என்று பிரின்ட் செய்தால் ஷெட்யூலர் கண்ணுக்கு எல்லாம் ஓகே.

ஹோல்டா, ஐஸா?

ஆட்டோசிஸில் புதியவர்கள் அதிகம் குழம்பும் இடம் இது. ஒரு ஜாபை 'ஆன் ஹோல்டு' போட்டால் அது நிற்கும், அதை நம்பியிருக்கும் அடுத்த ஜாப்களும் நிற்கும். 'ஆன் ஐஸ்' போட்டால் அந்த ஜாப் மட்டும் ஓடாது. அது முடிந்துவிட்டதாகவே நினைத்து அடுத்த ஜாப்கள் கிளம்பிவிடும். சம்பள ஃபைலைச் சரிபார்க்கும் ஜாபை ஹோல்டுக்குப் பதில் ஐஸில் போட்டால் என்னாகும்? சரிபார்க்காத ஃபைல் அப்படியே கணக்குகளில் ஏறும். இன்னொன்று: ஹோல்டை எடுத்தால், நிபந்தனைகள் ஏற்கெனவே நிறைவேறியிருக்கும் ஜாப் உடனே ஓடும். ஐஸை எடுத்தால் ஓடாது. அந்த நிபந்தனைகள் மறுபடி நிறைவேறும் வரை காத்திருக்கும்.

சிவப்பு வந்தால்?

முதலில் லாக் பார்க்க வேண்டும். நெட்வொர்க் ஒரு நிமிடம் தடுமாறியதா, டிஸ்க் நிரம்பியதா, டேட்டாவே தப்பா? முதல் ரகத்துக்கு ரீரன் போதும். டேட்டா தப்பாக இருந்தால் பத்து தடவை ஓட்டினாலும் அதே சிவப்புதான்.

ரீரனிலும் ஓர் ஆபத்து உண்டு. 1 லட்சம் பேருக்குச் சம்பளம் ஏற்றும் ஜாப், 60,000 பேருக்கு ஏற்றிவிட்டு நின்றதாக வைத்துக்கொள்வோம். முதலிலிருந்து ஓட்டினால் அந்த 60,000 பேருக்கும் டபுள் சம்பளம் போகலாம். விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியோ, ஏற்கெனவே ஏறியதைத் தவிர்க்கும் வசதியோ ஜாபில் இருக்கிறதா என்று தெரியாமல் ரீரன் கொடுப்பது சூதாட்டம்.

அதைவிட மோசம், ஃபெயிலான ஜாபைக் கையால் 'ஓகே' என்று மாற்றிவிடுவது. கன்ட்ரோல்-எம்மில் 'செட் டு ஓகே' என்று இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. வரிசை நகரும், ஸ்கிரீன் பச்சையாகும், ஆனால் செய்யாத வேலை செய்யாததுதான். அந்த ஜாப் இன்றைக்குத் தேவையில்லை என்று அப்ளிகேஷன் டீம் எழுத்தில் சொன்னால் மட்டுமே அதைத் தொடலாம். அதற்காக ராத்திரி 2 மணிக்கு ஒருவரை எழுப்புவது சங்கடம்தான். எழுப்பும்போது ஜாப் பெயர், எரர் கோடு, லாக்கின் கடைசி வரிகள், பின்னால் எத்தனை ஜாப் காத்திருக்கிறது, எத்தனை மணிக்குள் முடிய வேண்டும் என்பதைக் கையில் வைத்திருந்தால், போன் 5 நிமிடத்தில் முடிந்துவிடும்.