ஒரே அளவுகோலில் உலகம்

ஜப்பானின் நிக்கோ நகரில், கினுகாவா வெந்நீர் ஊற்றுகளுக்கு அருகே உள்ளது தோபு வேர்ல்டு ஸ்கொயர். உலகின் புகழ்பெற்ற கட்டடங்களை 25-இல் ஒரு பங்கு அளவில் செய்து வைத்திருக்கும் இந்தப் பூங்கா 1993-இல் திறக்கப்பட்டது. 20-க்கும் மேற்பட்ட நாடுகளின் 100-க்கும் அதிகமான மாதிரிகள் இங்கே உள்ளன.

எல்லாவற்றுக்கும் ஒரே விகிதம் என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. எந்தக் கட்டடம் எதைவிட எவ்வளவு பெரியது என்பது புகைப்படங்களில் பிடிபடாது. இங்கே ஈபிள் கோபுரம் ஏறத்தாழ 13 மீட்டர் உயரம். தாஜ்மகாலோ 3 மீட்டர்தான். டோக்கியோ ஸ்கைட்ரீயின் மாதிரி இரண்டையும் தாண்டி 25 மீட்டருக்கு மேல் நிற்கிறது. அசல் கோபுரம் 2012-இல் திறக்கப்படும் முன்பே மாதிரி தயாராகிவிட்டது.

நுணுக்கத்தைப் பார்க்கக் குனிய வேண்டும். சுமார் 1,40,000 மனிதப் பொம்மைகள் தெருக்களிலும் படிக்கட்டுகளிலும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 7 சென்டிமீட்டர் உயரம். மரங்கள் பொம்மையல்ல, உயிருள்ளவை. சாதாரண மரத்தின் இலை இந்த அளவில் ஒரு ஜன்னலையே மறைத்துவிடும் என்பதால், சுமார் 20,000 போன்சாய் மரங்களை வைத்து வளர்க்கிறார்கள். மாதிரிகளைச் செய்வதைவிட, ஆண்டு முழுவதும் இவற்றைக் கத்தரித்துக் காப்பதே பெரிய உழைப்பு என்று சொல்லத் தோன்றுகிறது.

நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் 2001-இல் தகர்க்கப்பட்டன. இந்தப் பூங்காவில் அவற்றின் மாதிரிகளை அகற்றவில்லை. அது சரியான முடிவு.

டோக்கியோவின் அசகுசாவிலிருந்து தோபு ரயிலில் இங்கு வரலாம். பூங்காவின் பெயரிலேயே 2017 முதல் ஒரு நிலையம் இயங்குகிறது.