ஏலத்தில் வென்றவர் ஏன் தோற்கிறார்?

ஒரு கண்ணாடிச் சீசாவில் புளியங்கொட்டைகளை நிரப்பி, வகுப்பில் நண்பர்கள் முன்னால் வையுங்கள். "இதில் எத்தனை கொட்டைகள் இருக்கின்றன? எண்ணக் கூடாது, பார்த்தே சொல்ல வேண்டும்" என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் ஓர் எண்ணைத் தாளில் எழுதித் தரட்டும். இந்தச் சிறு விளையாட்டுக்கும், ஐரோப்பாவின் பெரிய கால்பந்துக் கழகங்கள் கோடிக்கணக்கான பணத்தை இழப்பதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. எப்படி என்று பார்ப்போமா?

கோடைக்காலச் சந்தை

தொழில்முறைக் கால்பந்து வீரர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு ஒரு கழகத்துக்காக ஆடுகிறார். ஒப்பந்தம் முடிவதற்குள் வேறொரு கழகம் அவரை விரும்பினால், பழைய கழகத்துக்கு ஒரு தொகை தர வேண்டும். இதை நினைத்த நேரத்தில் செய்துவிட முடியாது. ஆண்டுக்கு இரண்டு முறைதான் அனுமதி. ஐரோப்பாவில் கோடை விடுமுறையை ஒட்டி ஒரு முறை, ஜனவரியில் ஒரு முறை. கோடைக்காலச் சந்தைதான் பெரியது. அது முடிந்த மறுநாளே, வென்ற கழகம் எது, தோற்ற கழகம் எது என்று பத்திரிகைகள் பட்டியல் போட்டுவிடுகின்றன. அவ்வளவு விரைவில் தீர்ப்புச் சொல்ல முடியுமா?

2017-ஆம் ஆண்டின் கோடையை எடுத்துக்கொள்வோம். ஸ்பெயினின் பார்சிலோனா கழகத்தில் ஆடிவந்த பிரேசில் வீரர் நெய்மாரை, பிரான்சின் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் கழகம் 22 கோடியே 20 லட்சம் யூரோ கொடுத்து அழைத்துக்கொண்டது. அதற்கு முந்தைய உலகச் சாதனைத் தொகை 10 கோடியே 50 லட்சம் யூரோதான். ஒரே தாவலில் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது!

கை நிறையப் பணத்துடன் பார்சிலோனா சந்தைக்குப் போனது. ஜெர்மனியின் டோர்ட்மண்ட் கழகத்திலிருந்து 20 வயது உஸ்மான் டெம்பெலேயை வாங்கியது. விலை 10 கோடியே 50 லட்சம் யூரோ. நிபந்தனைகள் நிறைவேறினால் இன்னும் கூடும். முந்தைய ஆண்டு டோர்ட்மண்ட் அவருக்குக் கொடுத்தது ஏறத்தாழ ஒன்றரைக் கோடிதான். அடுத்து, 2018 ஜனவரியில் இங்கிலாந்தின் லிவர்பூல் கழகத்திலிருந்து கூட்டினோவை 12 கோடிக்கு வாங்கியது.

அதே 2017 கோடையில் லிவர்பூல், இத்தாலியின் ரோமா கழகத்திலிருந்து எகிப்து வீரர் முகமது சலாவை வாங்கியிருந்தது. விலை ஏறத்தாழ 4 கோடியே 20 லட்சம். நெய்மாரின் விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பெரிய பரபரப்பு எதுவும் எழவில்லை.

இனிச் சீசாவுக்கு வருவோம்

சீசாவில் 400 கொட்டைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறு மாணவர்கள் எழுதிய எண்கள் இவை: 250, 320, 380, 410, 460, 580. இவற்றைக் கூட்டி ஆறால் வகுத்தால் சராசரி 400. வகுப்பு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கணிப்பு சரியாகவே இருக்கிறது.

இப்போது சீசாவை ஏலம் விடுவோம். வாங்குபவருக்குக் கொட்டைக்கு ஒரு ரூபாய் வீதம் கிடைக்கும். ஒவ்வொருவரும் தாம் கணித்த எண்ணையே விலையாகக் கேட்கிறார்கள். சீசா யாருக்குப் போகும்? 580 என்று எழுதியவருக்கு. அவர் கொடுப்பது 580 ரூபாய், பெறுவது 400 ரூபாய். நஷ்டம் 180 ரூபாய்!

இங்கே யாரும் முட்டாள் அல்லர். ஆறு பேரும் தங்களால் இயன்ற அளவு கவனமாகத்தான் கணித்தார்கள். ஆனால் ஏலம் சராசரிக் கணிப்பைத் தேர்ந்தெடுப்பதில்லை. மிக அதிகமாகப் பிழை செய்தவரைத் தேடிப் பிடித்து, அவர் கையில் பொருளைக் கொடுக்கிறது. பொருளாதார அறிஞர்கள் இதை 'வென்றவரின் சாபம்' என்கிறார்கள்.

இதை முதலில் விளக்கியவர்கள் எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளர்கள். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் தோண்டும் உரிமையை ஏலத்தில் எடுத்த கம்பெனிகளுக்கு எதிர்பார்த்த லாபம் வரவில்லை. அடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதை மிகையாகக் கணித்தவரே பெரும்பாலும் ஏலத்தை வென்றார் என்று கேப்பன், கிளாப், காம்ப்பெல் என்ற மூவர் 1971-இல் எழுதினார்கள். 1983-இல் வெளியான மற்றோர் ஆய்வில், பாஸ்டன் பல்கலைக்கழக மாணவர்களிடையே 8 டாலர் மதிப்புள்ள சீசாக்கள் ஏலம் விடப்பட்டன. மாணவர்களின் சராசரிக் கணிப்பு 5 டாலர் 13 சென்ட். உண்மையைவிடக் குறைவு! அப்படியிருந்தும், ஏலத்தில் வென்ற விலையின் சராசரி 10 டாலரைத் தாண்டிவிட்டது.

வீரரும் ஒரு சீசாவா?

வீரரின் வருங்காலமும் மூடிய சீசா போன்றதுதான். அடுத்த ஐந்து ஆண்டுகளில் அவர் எத்தனை கோல் அடிப்பார், எத்தனை மாதம் காயத்தோடு படுத்திருப்பார் என்பது யாருக்கும் தெரியாது. எல்லாரும் கணிக்கிறார்கள். மிக உயர்வாகக் கணித்த கழகம் வாங்குகிறது.

ஒரு வேறுபாடும் உண்டு. சீசாவின் மதிப்பு எல்லாருக்கும் ஒன்று. வீரரின் மதிப்போ அணிக்கு அணி மாறும். மேலும், பார்சிலோனாவின் பையில் 22 கோடி இருந்தது ஊருக்கே தெரியும். விற்பவர்கள் விலையை இறக்குவார்களா?

பிறகு நடந்தது என்ன? டெம்பெலே வந்த சில வாரங்களிலேயே தொடையில் காயம்பட்டு அறுவை சிகிச்சைக்குப் போனார், காயங்கள் தொடர்ந்தன. கூட்டினோவால் பழைய ஆட்டத்தைக் காட்ட முடியவில்லை. சலாவோ முதல் பருவத்திலேயே இங்கிலாந்து லீக்கில் 32 கோல் அடித்தார். 2019 மே மாதம் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் லிவர்பூல் 4-0 என்று பார்சிலோனாவை வீழ்த்தி, பின்னர் கோப்பையையும் வென்றது. 2021-இல் பார்சிலோனாவின் கடன் 135 கோடி யூரோ என்று அதன் தலைவர் அறிவித்தார். அந்த ஆகஸ்டில் மெஸ்ஸியைக்கூட அதனால் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஊதியச் சுமை, கொரோனாவால் அரங்குகள் மூடப்பட்டது போன்ற வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அந்த இரு பெரிய விலைகளுக்கும் இதில் பங்கு இருந்தது.

நெய்மார் 2023-இல் பாரிசை விட்டுச் சென்றார். அவர் ஆடிய ஆறு ஆண்டுகளில் அக்கழகம் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைப் பெறவில்லை. அதே 2023-இல் அது டெம்பெலேயை ஏறத்தாழ 5 கோடிக்கு வாங்கியது. 2025-இல் அவர் ஆடிய பாரிஸ் அணி அக்கோப்பையை முதன்முறையாக வென்றது. உலகின் சிறந்த வீரருக்கான பாலன் டோர் விருதும் அவருக்கே கிடைத்தது. அப்படியானால், குறை டெம்பெலேயின் கால்களில் இல்லை. அவர் மீது முதலில் எழுதப்பட்ட விலையில்தான் இருந்தது.

சாபத்திலிருந்து தப்ப வழி இல்லையா? உண்டு. "நான் வென்றால், மற்ற எல்லாரையும்விட நான் அதிகமாகக் கணித்திருக்கிறேன் என்று பொருள்" என்பதை முன்கூட்டியே நினைத்து, கேட்கும் விலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். போட்டியாளர்கள் எவ்வளவு கூடுகிறார்களோ, அவ்வளவு கூடுதலாகக் குறைக்க வேண்டும்.

உங்கள் சீசாவைக் கொண்டு இதைச் சோதித்துப் பாருங்கள். முதலில் ஐந்து பேர், பிறகு முப்பது பேர் கணிக்கட்டும். இரண்டு முறையும் மிகப் பெரிய எண்ணைக் குறித்துக்கொண்டு, கடைசியில் கொட்டைகளை எண்ணுங்கள். ஆட்கள் கூடும்போது வென்றவரின் நஷ்டம் கூடுகிறதா, குறைகிறதா?